கண்ணைக் கட்டினால் புரியுமா?



ஒரு நிமிடம் எல்லோரும் கண்ணை மூடுங்கள். அப்படியே எழுந்து வாசல் வரை நடக்க முடியுமா? பயமாக இருக்கும். சுவரைத் தடவுவோம். இடித்துக்கொள்வோம். கண்ணைத் திறந்ததும், “ஐயோ பாவம்! பார்வை இல்லாதவர் என்ன செய்வார்?” என்போம்.

பார்வையற்றோரைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று பல இடங்களில் இப்படிக் கண்ணைக் கட்டி நடக்கச் சொல்கிறார்கள். நோக்கம் நல்லது. பலன் நல்லதா?

அமெரிக்காவில் ஏரியல் சில்வர்மேன் என்ற அம்மையார் இதை ஆராய்ந்தார். அவரும் பார்வை இல்லாதவர். உளவியல் படித்தவர். அவரும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2015-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். பார்வை இல்லாதவர் வேலை செய்வார், தனியாக வாழ்வார் என்ற நம்பிக்கை, கண்ணைக் கட்டிப் பார்த்தவர்களிடம் குறைவாக இருந்தது.

ஏன் இப்படி?

நீங்கள் முதன்முதலில் சிலேட்டு பிடித்த நாளை நினைத்துப் பாருங்கள். கை நடுங்கியது. ‘அ’ கோணலாக வந்தது. அன்று ஒருவர் வந்து பார்த்து, “இவர்களுக்குப் படிப்பு வராது” என்று சொல்லியிருந்தால் அது சரியா? இன்று நீங்கள் பேருந்துப் பலகையைப் படிக்கிறீர்கள். கையெழுத்துப் போடுகிறீர்கள்.

கண்ணைக் கட்டுவதும் முதல் நாள் போலத்தான். அதில் பயம் தெரியும். பழக்கம் தெரியாது. பார்வை இல்லாதவர் வெள்ளைக்கோலால் தட்டி மேடு பள்ளம் அறிகிறார். ஓசையைக் கேட்டு வழி அறிகிறார். ஆறு புள்ளிகளால் ஆன பிரெயில் எழுத்தை விரலால் தடவிப் படிக்கிறார். இவை எல்லாம் பல நாள் உழைத்துக் கற்றவை.

“பாவம், இவரால் முடியாது” என்று நினைக்கும் முதலாளி வேலை தரமாட்டார். அப்படி நினைக்கும் பெற்றோர் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பமாட்டார்கள். நம் இரக்கமே ஒருவர் பிழைப்பைக் கெடுத்துவிடும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்கிறது. அரசு வேலையிலும் இடம் ஒதுக்குகிறது. இது இரக்கம் அல்ல, உரிமை.

அப்படியானால் எப்படிப் புரிந்துகொள்வது? உங்கள் ஊரில் பார்வை இல்லாதவர் இருந்தால் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். என்ன தடை என்று கேளுங்கள். தெருவில் உள்ள குழியை மூடுங்கள். நடைபாதையில் வண்டியை நிறுத்தாதீர்கள். சாலையில் அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். “உதவி வேண்டுமா?” என்று கேளுங்கள். வேண்டும் என்றால், அவர் உங்கள் கையைப் பிடித்து வரட்டும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

கண்ணைக் கட்ட வேண்டாம். அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்போம்.