கையெழுத்து ஒருவருடையது, கடன் யாருடையது?



'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். இன்றைக்கு அவர்கள் இருந்திருந்தால், 'வாடகைக்கு வீடு எடுத்துப்பார்' என்பதையும் அதோடு சேர்த்திருப்பார்கள். அதிலும் இருபது வயதில், கையில் வருமானம் இல்லாமல், படித்துக்கொண்டே வீடு எடுப்பது சாதாரண காரியமா? 'பல்கலைக்கழக மாணவரும் முதல் வாடகை வீடும்' என்பதுதான் இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குப் பெரும்பாலும் விடுதியில் இடம் கிடைத்துவிடுகிறது. இரண்டாம் ஆண்டிலிருந்து அப்படியில்லை. புறப்பாட நடவடிக்கைகளில் சேர்த்த புள்ளிகளைப் பார்த்து இடம் கொடுக்கிறார்கள். புள்ளி போதாதவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வரவேண்டியதுதான். செர்டாங், பாங்கி, ஸ்கூடாய், பினாங்கின் சுங்கை டுவா, ஜொகூரின் பாரிட் ராஜா, பேராக்கின் கம்பார் என்று பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள தாமான்களில் மாணவர்கள் நான்கு பேர், ஐந்து பேராகச் சேர்ந்து வீடு எடுக்கிறார்கள்.

இதில் நம் சமுதாயத்துக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. நம்மில் பலருடைய தாத்தா பாட்டி தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்கள். அங்கே வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போனது. வாடகை ஒப்பந்தம் என்ற ஒரு தாளை அவர்கள் பார்த்ததே இல்லை. தோட்டத்தை விட்டு வெளியேறிய பிறகும், தெரிந்தவர் ஒருவரின் வீட்டில் வாய்ப்பேச்சிலேயே குடியிருந்த குடும்பங்கள் எத்தனையோ! ஆகவே, இன்று பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைதான், பல குடும்பங்களில், ஒரு வீட்டுக்காக முதன்முதலில் கையெழுத்துப் போடுகிற ஆள். "அப்பா, இதில் என்ன பார்க்க வேண்டும்?" என்று கேட்டால், அப்பாவுக்கும் பதில் தெரிவதில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மூன்று அறை கொண்ட ஒரு தரை வீடு, மாத வாடகை 1,200 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் பகிர்ந்தால் தலைக்கு 240 ரிங்கிட். 'அட, இவ்வளவுதானா!' என்று தோன்றும். ஆனால் சாவியை வாங்கும் அன்று கட்ட வேண்டியது எவ்வளவு? நம் நாட்டு வழக்கப்படி இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை, அது 2,400. தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாத வைப்புத்தொகை, அது 600. முதல் மாத வாடகை 1,200. ஆக மொத்தம் 4,200 ரிங்கிட், தலைக்கு 840. ஒப்பந்தத்திற்கு முத்திரை வரியும் உண்டு. ஓராண்டு ஒப்பந்தம் என்றால், ஆண்டு வாடகையின் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட் வீதம், இந்த வீட்டுக்கு 58 ரிங்கிட். கல்விக்கடன் கைக்கு வருவதற்கு முன்பே இந்தப் பணம் தேவைப்படுகிறது. பெற்றோர்களே, பிள்ளையின் கல்விக் கட்டணத்தை மட்டும் எடுத்து வைத்தால் போதாது. இதையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.

பணத்தையாவது எப்படியோ புரட்டிவிடுகிறோம். சிக்கல் கையெழுத்தில்தான் தொடங்குகிறது.

எங்கள் நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் அழைத்த ஒரு மாணவியின் கதையைச் சொல்கிறேன். ஐந்து தோழிகள் சேர்ந்து வீடு எடுத்தார்கள். வீட்டுக்காரர், "ஒரு பேர் போதும், ஐந்து பேரோடு நான் பேசிக்கொண்டிருக்க முடியாது" என்றாராம். தோழிகளும், "நீயே போடுடி, நாங்க மாசாமாசம் கரெக்டா குடுத்துருவோம்" என்றார்கள். இந்தப் பெண்ணும் போட்டுவிட்டார். ஆறு மாதம் எல்லாம் நன்றாகவே நடந்தது. ஏழாவது மாதம் இரண்டு பேர் தொழில்துறைப் பயிற்சிக்காக வேறு ஊருக்குப் போனார்கள். "நாங்கதான் அங்க இல்லையே, எதுக்கு வாடகை குடுக்கணும்?" என்று கேட்டார்கள். 240 ரிங்கிட் 400 ஆனது. அதைப் பார்த்து மூன்றாமவர் ஒரு சின்ன அறைக்கு மாறிப் போனார். மிஞ்சிய இருவருக்கும் தலைக்கு 600. இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தது. வீட்டுக்காரர் யாரைத் தேடி வந்தார்? கையெழுத்துப் போட்டவரை! அவருடைய அம்மா தாலிச் சங்கிலியை அடகு வைத்து அந்தப் பாக்கியைக் கட்டினாராம். அந்தப் பெண் என்னிடம் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் காதில் ஒலிக்கிறது: "அக்கா, பணம் போனது கூட வலிக்கவில்லை. இப்போது அந்த ஐந்து பேரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை."

அந்த வீட்டுக்காரர் கெட்டவரா? இல்லை. ஒப்பந்தத்தில் உள்ளதைத்தான் கேட்டார். தோழிகள் மோசக்காரர்களா? அப்படியும் சொல்ல முடியாது. அங்கே இல்லாத மாதத்துக்கு ஏன் கட்ட வேண்டும் என்பது அவர்கள் நியாயம். யார் எப்போது போகலாம், போனால் யார் கட்டுவது என்பதை முதல் நாளே யாரும் எழுதி வைக்கவில்லை. பிழை அங்கேதான் இருக்கிறது. நட்பு இருக்கும்போது எதற்கு எழுத்து என்று கேட்கிறோம். நட்பு கடைசிவரை இருக்க வேண்டும் என்றால் எழுதத்தான் வேண்டும்.

ஆகவே மாணவர்களே, ஒப்பந்தத்தில் குடியிருக்கும் அத்தனை பேரும் கையெழுத்துப் போடுங்கள். அப்படிப் போட்டாலும் வீட்டுக்காரர் உங்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழு வாடகையைக் கேட்க இடமுண்டு. ஆனால் கட்டியவர் மற்றவர்களிடம் அவரவர் பங்கைக் கேட்டு வாங்கும் உரிமையை 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் கொடுக்கிறது. அடுத்து, உங்களுக்குள் ஒரு பக்கத் தாள் எழுதுங்கள். அவரவர் கட்டிய வைப்புத்தொகை எவ்வளவு? இடையில் போகிறவர் தனக்குப் பதில் ஆள் கொண்டுவர வேண்டுமா? நீண்ட விடுமுறையில் வாடகை எப்படி? குளிர்சாதன அறையில் இருப்பவர் மின்சாரத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பாரா? இந்த நான்கையும் எழுதி ஐந்து பேரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு ஒன்பது பத்து மாதத்தில் முடிந்தாலும் ஒப்பந்தம் பன்னிரண்டு மாதத்துக்கு ஓடும் என்பதை மறந்துவிடாதீர்கள். தொழில்துறைப் பயிற்சி எந்தப் பருவத்தில் வருகிறது என்பதை முன்கூட்டியே பார்த்து, இடையில் ஆள் மாற்ற அனுமதி உண்டு என்ற ஒரு வரியை ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் பல வீட்டுக்காரர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

ஒப்பந்தத்தை 30 நாட்களுக்குள் முத்திரையிட வேண்டும். முத்திரையில்லாத தாளை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. 58 ரிங்கிட்டை மிச்சம் பிடிக்கப் போய், 3,000 ரிங்கிட் வைப்புத்தொகையைக் கேட்கும் வழியைச் சிக்கலாக்கிக் கொள்ளலாமா?

வீட்டைப் பார்க்காமல் ஒரு காசு கூட அனுப்பாதீர்கள். முகநூலில் அழகான படம் போட்டு, "இன்றே முன்பதிவுப் பணம் அனுப்பு, இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும்" என்று அவசரப்படுத்துகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். வீடு அவருடையதுதானா என்பதற்கு வீட்டு வரி ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். முகவர் என்றால் அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். பணத்தை அவருடைய சொந்தக் கணக்கில் போடாமல் நிறுவனத்தின் கணக்கில் போடுங்கள். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு மூடி மறைக்காமல், உடனே 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் தூரம் போகிறது.

சாவி வாங்கும் அன்றே சுவர், கதவு, குழாய், மின்விசிறி எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். மின்சார மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் சேர்த்து எடுங்கள். பழைய பாக்கி உங்கள் தலையில் விழாது. வீட்டை விடும்போது காரணமில்லாமல் வைப்புத்தொகையைப் பிடித்துக்கொண்டால், 5,000 ரிங்கிட் வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழக்கில், வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே கேட்கலாம். வாடகை பாக்கி இருந்தாலும்கூட, நீதிமன்ற ஆணை இல்லாமல் உங்களை வலுக்கட்டாயமாக வெளியேற்ற முடியாது. 1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் அப்படிச் சொல்கிறது. இதைச் சொல்வது பாக்கி வைக்கத் தைரியம் கொடுப்பதற்காக அல்ல. பயந்து நடுங்கி இரவோடு இரவாக ஓடாமல் இருப்பதற்காக.

இன்னொன்றையும் பேசாமல் இருக்க முடியாது. தொலைபேசியில் பெயரைச் சொன்னதுமே, "மன்னிக்கவும், வீடு போய்விட்டது" என்ற பதில் நம் பிள்ளைகள் பலருக்குக் கிடைத்திருக்கிறது. விளம்பரத்திலேயே 'இந்தியர்களுக்கு இல்லை' என்று போடுகிறவர்களும் உண்டு. கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு சமத்துவத்தைச் சொல்கிறது. ஆனால் அது அரசாங்கத்தின் கையைக் கட்டுகிறதே தவிர, தனியார் வீட்டுக் கதவைத் திறந்துவிடுவதில்லை. இது அநியாயம்தான். அநியாயம் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதே சமயம், அடுத்த மாதம் தங்க இடம் வேண்டுமே! சீனியர் மாணவர்கள் விட்டுப் போகும் வீட்டை அவர்கள் வழியாகவே கேளுங்கள். பல்கலைக்கழக இந்திய மாணவர் அமைப்புகள் வீட்டுக்காரர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை வைத்திருந்து ஆண்டுதோறும் அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றிக் கொடுக்கலாம். வீட்டுக்காரர் ஒருவர் ஐந்து நல்ல பிள்ளைகளைப் பார்த்துவிட்டால், ஆறாவது ஆளின் பெயரைக் கேட்டுத் தயங்கமாட்டார். நம் சமுதாயத்தில் இரண்டாவது வீடு வாங்கி வைத்திருக்கும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டை மாணவர்களுக்குக் கொடுக்கத் தயங்காதீர்கள்.

பெற்றோர்களே, ஒப்பந்தத்தைப் பிள்ளை கொண்டுவந்தால், 'நமக்கு ஆங்கிலம் தெரியாது, மலாய் தெரியாது' என்று ஒதுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து, வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சொல்லத் தெரியாத வரி எதுவோ, அந்த வரியைப் பிள்ளை புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். அதை வீட்டுக்காரரிடம் கேட்டுத் தெளிந்த பிறகு கையெழுத்துப் போடட்டும்.

பட்டம் வாங்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். சொன்ன சொல்லுக்கும் போட்ட கையெழுத்துக்கும் பொறுப்பேற்கும் பாடம் மட்டும் முதல் வாடகை வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. அந்தப் பாடத்தில் நம் பிள்ளைகள் பணத்தையும் இழக்கக் கூடாது, நண்பர்களையும் இழக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.