சிறு அளவும் சிவானந்தத் தேறலும்



சென்ற திங்கள் கூட்டத்தில் இளங்கவிஞர் ஒருவர் வினவினார்: “மேலைநாட்டார் மனமயக்கப் பொருளை மிகச் சிறு அளவில் உட்கொண்டு தியானத்தில் அமர்கின்றனராம். நாமும் அவ்வாறு செய்தால் அகக்கண் திறக்குமா?” சிலர் நகைத்தனர். நான் நகைக்கவில்லை. மெஸ்கலின் உண்ட அனுபவத்தை ஆல்டஸ் ஹக்ஸ்லி 1954இல் நூலாக்கினாரே, அதைப் படித்து இளமையில் ஏங்கியவன் நான்.

இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பங்கேற்ற 191 பேரும் மருந்திட்ட கேப்சூல்களையும் வெற்றுக் கேப்சூல்களையும் தாமே நிரப்பி, உண்பது எதுவெனத் தாமே அறியாதவாறு கலந்து, நான்கு வாரம் உட்கொண்டனர். மருந்துண்டோரின் மனநலம் உயர்ந்தது, விழிப்புநிலையும் உயர்ந்தது. வியப்பு என்னவெனில், வெற்றுக் கேப்சூல் உண்டோர்க்கும் அவ்வாறே உயர்ந்தது! ஓர் ஆய்வு முடிந்த முடிபன்று. ஆயினும், அங்கே கதவைத் திறந்தது மருந்தா, எதிர்பார்ப்பா?

திருமூலர் திருமந்திரத்தின் முதல் தந்திரத்திலேயே கள்ளுண்ணாமையை வைத்தார். அவர் களிப்பை வெறுத்தவரல்லர்; சிவானந்தம் என்னும் தேறலை நாடியவர். அதற்கு அவர் காட்டிய வழி மூச்சு. அதற்குக் காசு வேண்டா. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமும் குறுக்கே நில்லாது.

கல்வராயன் அடிவாரத்து மக்களாகிய நமக்கு ‘சிறு அளவு’ என்பது அச்சமூட்டும் சொல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியாயினர். அவர்கள் ஞானம் தேடிக் குடித்தவரல்லர். ஆனால் உள்ளே இருந்தது என்னவென்று அவர்கள் அறியார். கள்ளச்சந்தையில் வாங்கும் கவிஞனும் அறியான்.

வினவிய தம்பி இப்போது விடியலில் என்னோடு அமர்கிறார். மூச்சு வசப்படுகிறதாம், கவிதை இன்னும் ஒரு வரியும் வரவில்லையாம்.