முகம் பாராத பிள்ளை



என் தம்பி எவர் முகத்தையும் நேரே பாரான். “தாயின் வளர்ப்புச் சரியில்லை” என்றார்கள். அம்மா கலியாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டார்.

ஓட்டிசத்தில் பரம்பரைக்குப் பங்குண்டு என்பதை 1977இலேயே இரட்டையர் ஆய்வொன்று காட்டியது. 2011இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வில், ஓட்டிசமுள்ள பதின்ம வயதினருக்கும் ஓட்டிசமில்லாத அவர்களின் உடன்பிறந்தாருக்கும் முகப்படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். மகிழ்ச்சியான முகத்துக்கு மூளை காட்டும் துலங்கல், குடும்பத்தில் ஓட்டிசமே இல்லாதவர்களைவிட இரு சாராரிலும் குறைந்திருந்தது.

நானும் அப்படியோர் உடன்பிறப்பு. இதோ, உங்கள் முன் நின்று பேசுகிறேன். இது குடும்பவழி வரும் ஒரு கூறு, அம்மாவின் குற்றமன்று.

முகம் பாராத பிள்ளையோடு ஒரு தாய் வந்தால், அவரருகில் போய் அமருங்கள்.