முள்ளை மறைத்தால் நம்புவது எப்படி?
(சுபாங் ஜெயாவில் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இந்தச் சுபாங் ஜெயா ஒரு காலத்தில் சீபீல்டு ரப்பர்த் தோட்டம். 1976இல் வீடுகள் எழத் தொடங்கின. பால் நிறுக்கும் கொட்டகை எங்கே நின்றதென்று காட்ட இன்று ஆளில்லை. ஆனால் அத்தகைய கொட்டகையில் நடப்பதைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வாளியை வைத்ததும் மரம் வெட்டுகிறவரின் கண் கிராணியின் முகத்தைப் பார்க்காது. தராசு முள்ளைப் பார்க்கும். முள் தெரியும்வரை சண்டையில்லை. முள்ளை உடம்பால் மறைத்துக்கொண்டு எண்ணை வாயால் மட்டும் சொன்னால், அந்தக் கிராணி அரிச்சந்திரனே ஆனாலும் யாரும் நம்பமாட்டார்கள். கிராணி வேலை பார்க்கும் எங்களுக்கே இது தெரியாதா?

பத்திரிகை பொய், விஞ்ஞானி பொய், பேராசிரியர் பொய் என்ற பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. ஜனங்களுக்கு விவரம் போதாது, அதனால் வதந்தியை நம்புகிறார்கள் என்கிறார்கள் பெரிய மனிதர்கள். நாங்கள் அதை ஒப்பமாட்டோம். முள்ளை மறைத்தது யார் என்று முதலில் கேட்போம்.

1997 புகைமூட்டத்தை எண்ணிப் பாருங்கள். சுமத்ராவிலும் கலிமந்தானிலும் காடு எரிந்தது. சரவாக்கில் காற்று மாசு எண் 800ஐத் தாண்டி, செப்டம்பரில் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. நவம்பரில், புகையைப் பற்றிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் பத்திரிகைகளிடம் பேசக்கூடாதென்று உத்தரவு வந்தது! பின்னர் அந்த எண்ணே அரசாங்க இரகசியமாயிற்று. உல்லாசப் பயணிகள் அஞ்சுவார்களாம். பத்திரிகைகளோ 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின் கீழ் ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்கவேண்டிய நிலை. அது 2012இல்தான் நீங்கியது. கண் எரிந்தது, பிள்ளை இருமியது, பத்திரிகையில் எண்ணைக் காணோம். அளந்தவருக்குத் தெரியும், மூச்சு விடுகிறவருக்குத் தெரியக்கூடாது. இது என்ன நியாயம்?

2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் எண் 500ஐத் தாண்டி அவசரநிலை வந்த அந்த வாரத்தில்தான் இரகசியத்தை அவிழ்த்தார்கள்.

எண் வெளிவந்ததும் நம்பிக்கை திரும்பியதா? 2015 புகையின்போது சிங்கப்பூரில் ஒரு எண், இங்கே வேறு எண் என்று ஜனங்கள் ஏளனம் செய்தார்கள். உண்மையில் அது பொய்க்கணக்கு அல்ல. நுரையீரலின் ஆழத்துக்குப் போகும் மிக நுண்ணிய தூசியைச் சிங்கப்பூர் 2014 முதலே தன் கணக்கில் சேர்த்தது; நாம் 2018இல்தான் சேர்த்தோம். பாலின் எடை வேறு, மெட்ரோலேக்கை அமிழ்த்திப் பார்த்துச் சொல்லும் காய்ந்த ரப்பர் எடை வேறல்லவா? அதுபோல. விளக்கியவர்களும் உண்டு. ஆனால் முன்பு வாய் பூட்டி நின்றவர்கள் திடீரென்று பேசினால் யார் காது கொடுப்பார்?

அதன் வட்டியை இதே ஊர் கட்டியது. 2018 நவம்பர் 26 விடியற்காலை, சீபீல்டு மாரியம்மன் கோயில் இடமாற்றத் தகராறு கலவரமாயிற்று. இனச் சண்டை என்று கைப்பேசிகளில் வதந்தி பறந்தது. அடிபட்ட தீயணைப்பு வீரர் ஒருவர் டிசம்பர் 17இல் மாண்டார். காயம் எப்படி வந்ததென்று மரண விசாரணையில் வைத்திய நிபுணர்களே முரண்பட்டார்கள். முரண்படுவது குற்றமல்ல, விஞ்ஞானம் அப்படித்தான் நடக்கும். அடையாளம் தெரியாதவர்களின் குற்றச்செயல் என்று 2019 செப்டம்பரில் தீர்ப்பாயிற்று. வெளியிலோ பலர் தம் மனத்துக்குப் பிடித்த நிபுணரையே நிபுணர் என்றார்கள்.

இப்போது நம் கோரிக்கைக்கு வருவோம். காற்று எண் இன்று மணிக்கு மணி வெளியாகிறது. புகைக் காலத்தில் பிரட்டுக் களத்தில் ஒரு கரும்பலகை வேண்டும். அன்று காலை எண்ணையும், அது எந்த நிலையத்தில் அளந்தது என்பதையும் சாக்கட்டியால் எழுதட்டும். எண் 200ஐத் தாண்டியதும் பள்ளிக்கூடங்களை மூடியதை 2019இல் பார்த்தோம். வீட்டிலிருக்கும் அந்தப் பிள்ளையின் தாய் அதே காற்றில் மரம் வெட்டப் போகவேண்டுமா? எந்த எண்ணில் வெளிக்காட்டு வேலை நிற்கும், அன்றைய சம்பளம் என்னவாகும் என்பதை நிர்வாகம் எழுத்தில் தரட்டும். கோரிக்கை மனு மேசைமேல் இருக்கிறது. படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.