திராட்சைத் தோட்டத்து வழக்கு



இறைவனின் நியாயத்தீர்ப்பு என்றவுடன் நம்மிற் பலருக்கு இடியும் நெருப்பும் உலக முடிவுமே நினைவுக்கு வருகின்றன. எபிரேயக் கவிஞரோ இப்பொருளை எப்போதும் அச்சுறுத்தும் குரலிற் பாடினாரல்லர். ஏசாயா தீர்க்கதரிசியின் நூலில், ஐந்தாம் அதிகாரத்தில், ஒரு பாடல் உண்டு. அது காதற் பாட்டைப் போலத் தொடங்கி, கேட்போரை அவர்கள் அறியாமலே நீதியாசனத்தில் ஏற்றிவிடுகின்றது.

ஏசாயா கி. மு. 8ஆம் நூற்றாண்டில் எருசலேமில் வாழ்ந்தவர். தம் அன்பருக்குரிய ஒரு திராட்சைத் தோட்டத்தைப் பற்றிப் பாடப்போவதாக அவர் தொடங்குகின்றார். வளமான குன்று அது. அன்பர் நிலத்தைக் கொத்தினார்; கற்களைப் பொறுக்கி அகற்றினார்; உயர்ந்த சாதிக் கொடிகளை நாட்டினார்; நடுவிலே காவற் கோபுரம் எழுப்பினார்; பழம் பிழியும் ஆலையையும் குடைந்து வைத்தார். கொடி பழுக்கும் முன்னரே ஆலை ஆயத்தமாகிவிட்டது. அத்துணை நம்பிக்கை! ஆயினும், காய்த்தவை உண்ணத் தகாத காட்டுப் பழங்களே.

இங்கே குரல் மாறுகின்றது. தோட்டக்காரரே பேசுகின்றார். தமக்கும் தம் தோட்டத்துக்கும் இடையே நியாயம் சொல்லுமாறு எருசலேம் மக்களை அழைக்கின்றார். தாம் செய்யத் தவறியது யாது என்று வினவுகின்றார். கேட்டு நின்றோர், குற்றம் தோட்டத்தினுடையதே என்று மனத்துள் தீர்த்திருப்பர். பின்னர், வேலியை அகற்றுவேன், மதிலை இடிப்பேன் என்கிறார் அவர். அதுவும் முறையே என்று தோன்றும். அடுத்து, மழை பெய்யாதிருக்க மேகங்களுக்குக் கட்டளையிடுவேன் என்கிறார். எந்தத் தோட்டக்காரன் மேகத்துக்குக் கட்டளையிட வல்லான்? பேசுபவர் யார் என்பது அப்போதுதான் புலப்படுகின்றது. தோட்டம் தாமே என்பதும் உடனே விளங்கிவிடுகின்றது. ஆனால், தீர்ப்பு முன்னரே அவர்கள் உள்ளத்தில் எழுதப்பட்டாயிற்று. ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லி நாத்தான் தாவீது மன்னனைத் தன் வாயாலேயே தீர்ப்புக் கூறச் செய்ததும் இம்முறையிலேயாம்.

அத்தோட்டம் செய்த குற்றம் யாது? அதனைக் கவிஞர் சொல்லொலியாலேயே உணர்த்துகின்றார். இறைவன் எதிர்பார்த்தது 'மிஷ்பாத்', அதாவது நியாயம்; கண்டதோ 'மிஸ்பாக்', இரத்தஞ் சிந்துதல். எதிர்பார்த்தது 'செதாக்கா', நீதி. கேட்டதோ 'செஆக்கா', ஒடுக்கப்பட்டோரின் ஓலம். காதுக்கு இவை ஏறத்தாழ ஒன்றாகவே ஒலிக்கின்றன. நல்ல பழமும் காட்டுப் பழமும் தூரத்தில் ஒன்றாகத் தோன்றுமன்றோ? அவ்வாறே நீதியைப் போன்று தோற்றமளிக்கும் அநீதியும் உண்டு. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த காலத்தில் இஸ்ரவேலர் எழுப்பிய ஓலத்துக்கும் யாத்திராகமம் 'செஆக்கா' என்ற இச்சொல்லையே வழங்குகின்றது. அன்று ஓலமிட்டோரின் வழித்தோன்றல்கள் இன்று பிறரை ஓலமிடச் செய்கின்றனர் என்பதே வழக்கின் உட்கிடை.

பாடலைத் தொடரும் வரிகள் குற்றப் பத்திரம் போல அமைந்துள்ளன. வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்து, பிறருக்கு இடமில்லாமற் செய்வோர் அங்கே கண்டிக்கப்படுகின்றனர். கைக்கூலி வாங்கிக் குற்றவாளியை விடுவித்து, குற்றமற்றவனின் உரிமையைப் பறிக்கும் நடுவரும் அவ்வாறே.

தண்டனையின் இயல்பும் நோக்கத்தக்கது. தோட்டக்காரர் கோடரி எடுத்துக் கொடிகளை வெட்டுவதாகக் கூறவில்லை. தாம் இட்ட வேலியையும் தாம் தந்த பராமரிப்பையும் நீக்கிக்கொள்கின்றார். முள்ளும் புதரும் தாமே வளர்கின்றன. காட்டுப் பழமே வேண்டுமென்ற தோட்டம் காடாகவே விடப்படுகின்றது.

பிறர் வழக்கில் நியாயம் நமக்கு எளிதிற் புலப்படும். அதே நியாயத்தை நம் வயலின் எல்லையிலும், நம் வாசலில் நிற்பவனின் கூலியிலும் காண்பதே அரிது. அவ்வரிய காட்சிக்குக் கேட்போரை ஆயத்தஞ் செய்வதே ஏசாயா பாடிய பாட்டின் பயன் எனலாம்.