சொட்டும் குழாய்
(ஜார்ஜ் டவுனில் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளத்தையும் போனஸையும் பற்றிப் பேசும் மேடையில் ஒழுகும் குழாயைப் பற்றிப் பேச வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். பேசத்தான் வேண்டும். பால் வெட்டுகிறவர்களை விடச் சொட்டின் மதிப்பை அறிந்தவர் யார்? மங்கில் சொட்டுச் சொட்டாக விழுவதைத்தானே வாளியில் சேர்த்து நிறுக்கக் கொண்டு போகிறோம்?

கணக்கைச் சொல்கிறேன், கிராணிமார்கள் சரிபார்க்கலாம். ஏறக்குறைய 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு, அதாவது 4 லிட்டருக்கு மேல். வருஷத்துக்கு 1,500 லிட்டரைத் தாண்டும். பினாங்கில் தண்ணீர்க் கட்டணம் குறைவு. ஆகையால் பில் நம்மைப் பயமுறுத்தாது. ஆனால் சொட்டுக்கு வைத்த வாளியில் ஒரு வாரம் பத்து நாள் தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசு பிறக்கும், டிங்கி வரும்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? தைப்பூசத்துக்கு நாம் போகும் தண்ணீர்மலைக்கு அருவியால் வந்த பெயர் அது. ஒரு காலத்தில் மலையோடைகளே பட்டணத்துக்குத் தண்ணீர் கொடுத்தன. மாட்டுவண்டியில் தண்ணீர் ஏற்றிச் சென்ற பர்மா ரோட்டைச் சீனர்கள் தண்ணீர் வண்டி ரோடு என்றே அழைக்கிறார்கள். 1962ல் ஆயர் ஈத்தாம் அணையும், 1999ல் தெலுக் பஹாங் அணையும் வந்தன. இன்று மாநிலத்தின் தண்ணீரில் பெரும்பகுதி கெடாவிலிருந்து வரும் மூடா ஆற்று நீர். அது சுங்கை டுவாவில் சுத்தமாகி, கடலடிக் குழாய் வழியே தீவுக்கு வருகிறது. 2024 ஜனவரியில் அந்த நிலையத்தின் பெரிய வால்வுகளை மாற்றியபோது பல பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் தடைப்பட்டது. அப்போது வாளி தூக்கியவர்களுக்குத் தண்ணீரின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, குழாய் ஏன் சொட்டுகிறது? திருகி மூடும் குழாய்க்குள் ஒரு தண்டு உண்டு. தண்டின் அடியில் உள்ள ரப்பர் வாஷர் பித்தளை வாயின்மேல் உட்கார்ந்து தண்ணீரை அடைக்கிறது. நாளடைவில் வாஷர் இறுகி வெடித்துப் போகிறது, குழாய் சொட்டுகிறது. உடனே நாம் பலங்கொண்ட மட்டும் திருகுகிறோம். அங்கேதான் நஷ்டம். உளி ஆழமாகப் பாய்ந்தால் மரத்துக்குக் காயம். மறுபடி அந்தப் பட்டையில் ஒழுங்காக வெட்ட முடியாது. அதுபோல இறுக்க இறுக்க வாஷர் நசுங்கும், பித்தளை வாயும் பழுதாகும். ஒரு வாஷரோடு போக வேண்டிய செலவு முழுக் குழாயின் செலவாகிவிடும்.

ஆகவே வாஷரை மாற்றுங்கள். முதலில் மீட்டருக்குப் பக்கத்திலுள்ள வால்வை அடையுங்கள். மேலே தொட்டி இருந்தால் அதன் வால்வையும் அடையுங்கள். குழாயைத் திறந்து மீதித் தண்ணீரை வடியவிடுங்கள். கைப்பிடியைக் கழற்றி, கீழேயுள்ள பெரிய நட்டை ஸ்பேனரால் இடப்புறமாகத் திருப்புங்கள். மறு கையால் குழாயை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சுவரிலுள்ள பைப்பு முறுக்கிக்கொள்ளும். பழைய வாஷரைக் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள். பித்தளை வாயை விரலால் தடவிப் பாருங்கள். பள்ளமிருந்தால் புது வாஷரும் சீக்கிரம் கெடும். குழாயையே மாற்றுவது நல்லது. வழவழப்பாயிருந்தால் வாஷரைப் போட்டுப் பூட்டி, வால்வை மெல்லத் திறவுங்கள்.

கால் சுற்றில் திறக்கும் புது மாதிரிக் குழாய்கள் பலவற்றில் இந்த வாஷர் கிடையாது. பீங்கான் தட்டுகளுள்ள உள்பாகத்தையே மாற்ற வேண்டும். வேலை முடிந்ததும் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். அது இன்னும் ஓடினால் வேறெங்கோ ஒழுகுகிறது.

இது யாருடைய பொறுப்பு என்று கேட்பீர்கள். பட்டணத்தில் மீட்டரைத் தாண்டி வீட்டுப் பக்கம் ஒழுகினால் வீட்டுக்காரர் பாடு. வாடகைக்கு இருப்பவர்கள் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். தோட்டத்து வீட்டின் கதை வேறு. முதலாளி கொடுத்த வீட்டுக்குப் போதிய குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுப்பதும், வீட்டைப் பழுதுபார்த்து வைப்பதும் அவர் கடமை என்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் சொல்கிறது. ஆகவே லயத்துக் குழாய் ஒழுகினால் ஆபீசுக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். தேதி போட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கிராணிமார்களே, வாயால் சொன்ன புகாரையும் புத்தகத்தில் பதியுங்கள். பதிவு இருந்தால்தான் பின்னால் பேச முடியும்.

வாஷர் மாற்றத் தெரிந்த தொழிலாளி தன் வீட்டில் பிறர் கையை எதிர்பார்க்க மாட்டான். சட்டம் தெரிந்த தொழிலாளி தோட்டத்தில் ஏமாற மாட்டான். நமக்கு இரண்டும் வேண்டும்.