பீலிக்கரையில் மன்னிப்பு



2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 250க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனாங்க. மறு வருஷம் அதே திருநாளில், ஏசுநாதர் போதனையை நினைத்து அவர்களை மன்னித்தோம் என்றார் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை. ஆனால் பின்னால் இருந்தது யாரு என்று விசாரிக்கச் சொல்வதை அவர் விடவில்லை. இரண்டையும் சொன்னது ஒரே வாய்தான், கவனியுங்க.

நம்ம லயத்தில் என்ன நடக்குது? மரண சகாயச் சங்கக் காசை ஒருத்தன் எடுத்துட்டால், அவனைக் கேட்கத்தான் வேணும், காசைத் திருப்பி வாங்கத்தான் வேணும். அவன் பெண்சாதி குடத்தோடு பீலிக்கு வந்தால் நாம ஏன் வாயை மூடிக்கிறோம்? பிள்ளையைக் "கள்ளன் மகன்" என்று கூப்பிட்டால் அது பள்ளிக்கூடம் போகுமா? நாளைக்குக் காலையில் அந்தத் தங்கச்சிக்கு யாராவது குடத்தைத் தூக்கி விடுங்க.